டவர் கடைக்காரர் கட்டிய கட்டடம்

கடவுச்சீட்டு தொலைந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும், விமானம் தாமதமானால் குழுவினரின் பசியை எப்படி ஆற்ற வேண்டும், ஒருவர் வழிதவறினால் மற்றவர்களை எங்கே நிறுத்தி வைக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பயணக் குழுக்களுடன் உடன்செல்லும் இப்பணிக்குப் புதிதாய் வந்திருக்கும் நீங்களும் கவனமாகவே கேட்டிருப்பீர்கள். ஆனால் அயல்நாட்டு வழிகாட்டி ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறார். அதைத் தமிழில் கேட்பதற்காகக் குழு முழுவதும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஒரு திருமணம் நின்றுபோகலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அப்போது என்ன செய்வது? எனக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. என்னால் உங்களுக்குக் கற்பிக்க இயலுமா என்பதும் ஐயமே. நடந்ததைச் சொல்கிறேன். முடிவை நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை அடுத்திருந்த பயண அலுவலகம் ஒன்றில் என் பணிக்காலம் கழிந்தது. அதற்கு முன் சில காலம் தமிழ் கற்பித்தவன் ஆதலால், பிறமொழிக் கலப்பின்றிப் பேசும் பழக்கம் எனக்குண்டு. அப்பழக்கம் பயணிகளுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்ல மாட்டேன். விமானத்தில் ஏறியவுடன் "இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளுங்கள்" என்று நான் சொன்னால், பின்வரிசையில் ஒருவர் "சார் என்ன சொல்லுதாரு?" என்று கேட்பார். "பெல்ட்டப் போடச் சொல்லுதாரு வே" என்று மற்றவர் மொழிபெயர்ப்பார். இவ்வாறு என் தமிழுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் எப்போதும் தேவைப்பட்டார்.

என்னை இத்தொழிலில் பழக்கிய மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். நான் முதன்முதல் ஒரு குழுவை அழைத்துப் புறப்பட்ட நாளன்று அவர் சொன்னது இவ்வளவே: "குழப்பம் வந்தால் எதையும் முடிவு செய்யாதே. கழிப்பறை எங்கே இருக்கிறதென்று கேட்டுக் குழுவை அங்கே அழைத்துப் போ. அதற்காக எந்தக் குழுவும் உன்மேல் கோபப்படாது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவ்வறிவுரை என்னைக் காத்த இடங்கள் பல.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். சிமெண்டு நிறுவனம் ஒன்று எங்கள் வட்டாரத்துக் கடைக்காரர்களையும் கட்டட ஒப்பந்ததாரர்களையும் சிங்கப்பூருக்கு அனுப்பியது. நன்றாக விற்றவர்களுக்கு அது பரிசு. புதுக் கட்டடங்களை நேரில் பார்த்து வந்தால் தொழிலுக்கு நல்லது என்று, அத்துறைமுக நகரத்தின் கட்டடக்கலையை உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்து காணும் ஒரு நாளையும் அதில் சேர்த்திருந்தார்கள். அக்குழுவில் மூவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் ஞானமுத்து. இளையரசனேந்தலில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். இளமையில் சிங்கப்பூருக்குச் சென்று, கட்டுமானப் பணிகளில் கம்பி கட்டியவர். ஊர் திரும்பிக் கடை போட்டு, வாசலில் பெரிய பிளக்ஸ் பலகை ஒன்றை மாட்டினார். (பிளக்ஸ் என்பதற்கு மனநிறைவு தரும் தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.) அதில் கடலோரத்தில் வானளாவி நிற்கும் கண்ணாடிக் கோபுரம் ஒன்று இருந்தது. மாடிதோறும் செடிகள், அடியிலிருந்து நுனிவரை முறுக்கேறிய வடிவம். ஞானமுத்து சிங்கப்பூரில் கட்டிய கட்டடம் அது என்பது சுற்று வட்டாரமெங்கும் தெரிந்த செய்தி. கடையின் உண்மைப் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. 'டவர் கடை' என்றால் பேருந்து நடத்துநர் இறக்கிவிடுவார்.

இரண்டாமவர் வேதமுத்து. சங்கரன்கோவிலில் வீடுகளும் விசைத்தறிக் கூடங்களும் கட்டித் தரும் ஒப்பந்ததாரர். வாய் ஓயாமல் வேடிக்கை பேசுபவர். மூன்றாமவர் அவருடைய மனைவி. தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் கணவர் உட்பட அனைவருக்கும் அவர் டீச்சர்தான்.

ஞானமுத்துவின் மகளை வேதமுத்துவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இரு வீட்டாரும் சீர்திருத்தக் கிறித்தவர்கள். அவர்களுடைய வழக்கப்படி திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருப்பின் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பு அது. நாங்கள் ஊர் திரும்பும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. இதில் ஒரு செய்தியை எல்லாரும் அறிவோம்: தம் மூத்த மகளுக்கு வந்த வரனை, மாப்பிள்ளையின் படிப்பைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதற்காக, முதல் ஓலை வாசித்த பின்னும் நிறுத்தியவர் டீச்சர். அன்று ஊரே பேசியது. அவர் முடிவை மாற்றவில்லை.

வழிகாட்டியின் பெயர் லின். சீன மரபுப் பெண்மணி, நடுவயது. மடக்கிய குடையை வாள்போல் உயர்த்திப் பிடித்து முன்னே நடப்பார். நாம் எதைக் கேட்டாலும் "கேன், கேன்" என்று, முடியும் என்னும் பொருளில், இசைவு தெரிவிப்பார். அரை நாழிகைக்குள் எங்கள் குழுவில் ஒருவர் மற்றவரிடம் வெற்றிலை கேட்டாலும் "கேன், கேன்" என்றே மறுமொழி வந்தது.

அந்நடை தொடக்கத்திலேயே என்னைக் குழப்பியது. ஒரு சாலையில் எங்களை நிறுத்தி, இதன் பெயர் கடற்கரைச் சாலை என்றார் லின். நான் மொழிபெயர்த்தேன். குழு நாற்புறமும் பார்த்தது. கட்டடங்கள், மேம்பாலம், கட்டடங்கள்.

"கடலு எங்க சார்?" என்றார் வேதமுத்து.

கேட்டேன். கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டதாகவும், முன்பு அலை வந்து மோதிய இடம் இது என்றும் லின் விளக்கினார்.

"கடலயே காலி பண்ணிட்டு பேர மட்டும் வச்சிருக்காகளா? நம்ம ஊர்ல குளத்தத் தூத்து பஸ் ஸ்டாண்ட் கட்டுனா கேசு போடுதான். இங்கன டிக்கெட்டுப் போட்டுல்லா காட்டுதாவ!"

அனைவரும் சிரித்தார்கள். லின்னும் காரணம் அறியாமல் சிரித்தார். மெல்லிய நெடுங்கம்பிகளால் முகப்பு முழுவதையும் மூடிய கட்டடம் ஒன்று அடுத்து வந்தது. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் உத்தி அது என்பதை நான் நல்ல சொற்களால் விளக்கிக்கொண்டிருந்தேன். "சார், தறியில பாவு ஓட்டுன மாதிரி இருக்குன்னு சொல்லுங்க, முடிஞ்சு போச்சு" என்றார் வேதமுத்து. நெடுக்கு நூல்கள் இழுத்துக் கட்டிய தறி போலவே அது இருந்தது. என் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

ஞானமுத்து மட்டும் காலையிலிருந்தே கட்டடங்களை அண்ணாந்து பார்க்கவில்லை. தெருவின் வளைவுகளையும் சாலையோரத்து இரும்பு மூடிகளையும் பார்த்தபடி நடந்தார். வெயில் தாங்கவில்லை போலும் என்று எண்ணினேன்.

பிறகு ஒரு முனையில் திரும்பினோம். நீர்ப்பரப்புத் தெரிந்தது, தொலைவில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன, கண்ணெதிரே, துவைத்த வேட்டியை ஓங்கிப் பிழிந்து நிறுத்தியது போல, முறுக்கிய கோபுரம் ஒன்று நின்றது. மாடிதோறும் செடிகள்.

குழுவில் கூக்குரல் எழுந்தது.

"ஏலே, டவர் கடை!"

"அய்யோ, அப்படியே இருக்கு பாருங்க! போர்டுல உள்ளது மாதிரியே!"

வேதமுத்து ஞானமுத்துவின் தோளைப் பிடித்து முன்னே தள்ளிக்கொண்டு வந்தார். "மச்சான், இங்கன வந்து நில்லும். போட்டோ எடுக்கணும். எங்கிட்ட வீடு கட்டுதவங்க எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எங்க சம்மந்தி கட்டுன டவர நேர்ல பாக்கப் போறேன்னு. அந்த மாடியில ஒரு தொட்டிச் செடி வாடிக் கெடக்கு பாரும், உம்ம வேல சரியில்ல வே!"

ஞானமுத்து சிரித்தார். அச்சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

அப்போதுதான் லின் தம் குடையை உயர்த்தி அந்த வாக்கியத்தைச் சொன்னார். இக்கோபுரம் மிக அண்மையில் எழுந்தது. இது நிற்கும் மண்ணே அதற்குச் சிறிது காலம் முன்புவரை கடலாக இருந்தது. ஆண்டையும் சேர்த்தே சொன்னார். ஞானமுத்து ஊர் திரும்பிக் கடை போட்டு நெடுங்காலம் ஆன பிறகு வரும் ஆண்டு அது.

குழு என் வாயைப் பார்த்தது. ஞானமுத்து தரையைப் பார்த்தார்.

அந்நேரத்தில் மனத்தில் ஓடியவற்றை இப்போது வரிசைப்படுத்திச் சொல்வது எளிது. அப்போது அவற்றுக்கு வரிசை இல்லை. வழிகாட்டி சொன்னதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை என்று ஓர் எண்ணம். ஒரு மனிதரைச் சம்பந்தியின் முன்னால், அவர் தோளில் சம்பந்தியின் கை இருக்கும்போதே பொய்யராக்க எனக்கு யார் உரிமை தந்தார் என்று மற்றோர் எண்ணம். லின் ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டாரோ? அல்லது நான்தான் தவறாகக் கேட்டேனோ? அந்தப் பலகை கடை தொடங்கிய நாளிலேயே மாட்டியதா, பின்னர் மாட்டியதா? டீச்சரை நோக்கினேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இக்கட்டடம் நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் கடலாய் இருந்ததாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

லின் என்னை உற்று நோக்கினார். மற்ற இடங்களிலெல்லாம் தாம் சொன்னதைவிட நான் சொன்னது நீளமாக இருந்ததையும், இங்கு மட்டும் குறுகியதையும் அவர் கவனித்துவிட்டார். "அவ்வளவுதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேதமுத்துவும் விடவில்லை. "சார், அந்தம்மா ஏதோ வருசம் சொன்னா மாதிரி இருந்துச்சே?"

நான் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் மனம் கலங்கியவர்கள் கோயிலுக்குச் சென்று அம்மன் சன்னிதியின் முன்னுள்ள சக்கரக் குழியில் அமர்வார்கள்; தெளிவு வரும் என்பது நம்பிக்கை. அந்நகரில் எனக்கு வாய்த்தது கோபுரத்தின் கீழ்த்தளத்தில் கிடந்த ஒரு மரப்பலகை. குழு கலைந்ததும் அதில் அமர்ந்தேன். ஞானமுத்து வந்து அருகில் அமர்ந்தார்.

"சார், அந்தம்மா சொன்னது எனக்கு வெளங்கிருச்சு. இங்கிலீஷ்ல நம்பர் தெரியும்லா எனக்கு."

"இதை நீங்கள் கட்டவில்லையா?"

"தெரியல சார்."

அம்மறுமொழியை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டினேன் என்றோ கட்டவில்லை என்றோ சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

"நான் வேலை பாத்தது நெசம் சார். தரைக்குக் கீழ. நாங்க கம்பி கட்டிக் காங்கிரீட்டு போட்டு மேல ஏறி வரதுக்குள்ள அடுத்த சைட்டுக்கு லாரில ஏத்திக் கொண்டு போயிருவாங்க. எந்தக் கட்டடத்தயும் முடிஞ்ச பெறகு நான் பாத்ததே கிடையாது. பேரும் தெரியாது, நம்பர் வச்சுத்தான் கூப்புடுவோம். ஊருக்கு வந்து போர்டு அடிக்கப் போனேன். பிளக்ஸ் கடைக்காரன் கேட்டான், எந்த பில்டிங் அண்ணாச்சின்னு. கடலோரமா இருந்துச்சு, மதியம் கப்பல் சத்தம் கேக்கும், பெரிய பில்டிங்கா வரும்னு சொன்னாங்கன்னேன். அவன் கம்ப்யூட்டர்ல தேடி ஒண்ணு எடுத்தான். முதல்ல ஒரு போர்டு. அது வெயில்ல வெளுத்துப்போச்சு. பல வருசம் கழிச்சு மறுபடி அடிக்கையில, இது நல்லா இருக்கு பாருங்கன்னு இந்த முறுக்கு டவரப் போட்டுட்டான். நானும் பாத்தேன். இதாத்தான் இருக்கும்னு தோணுச்சு. தெனமும் காலையில கடையத் தொறக்கையில அதத்தான பாக்கேன்? இப்ப கண்ண மூடுனா நான் அதோட மாடியில நின்னு கம்பி கட்டுத மாதிரியே இருக்கு சார். செடிக்குப் பக்கத்துல."

ஞானமுத்து குழு போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓலை சார். அந்தம்மா தப்பாச் சொல்லிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க தமிழ்ல சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாக."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றும் போயிற்று. லின் சொல்லாததைச் சொன்னதாக நான் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் தெரிவித்தேன். அப்படியானால் லின் சொன்னதைச் சொல்வீர்களா என்று கேட்டார். சொல்லாதிருப்பதும் சொல்வதும் ஒரே அளவுக்குத் தவறாகவும் ஒரே அளவுக்குச் சரியாகவும் எனக்குத் தோன்றின. முன்பொருமுறை நடு ஆற்றில் ஆடிய படகில் நாற்பது பேரைப் பதறாமல் அமர்த்திய நிதானம் எனக்குண்டு என்று பெருமை கொண்டிருந்தவன் நான். அன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்போது எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்க என்ன சொல்லப் போறீயன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

டீச்சர். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் கூச்சம். கேட்டா வெளங்கும். அவங்க வருசம் சொன்னதும் வெளங்குச்சு, நீங்க அத முழுங்குனதும் வெளங்குச்சு."

நண்பர்களே, மொழி தெரியாத குழு என்று ஒன்று உலகில் இல்லை. தலையசைப்பவர்களைவிட அசைக்காதவர்களே அதிகம் அறிந்திருப்பார்கள். இதனை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

டீச்சர் ஞானமுத்துவின் பக்கம் திரும்பினார். அவர்களுடைய உறவுமுறையில் மருமகளின் தந்தை அண்ணன் முறை. "அண்ணே, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். நீங்க கட்டுனது எது?"

"கட்டுனது நெசம் டீச்சர். எதுன்னுதான் தெரியல."

இதற்குள் வேதமுத்து இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீம் எனப்படும் பனிக்குழைவு ஏந்தி வந்துவிட்டார். யாவரும் நின்ற நிலையைக் கண்டு, என்ன என்று கேட்டார். டீச்சர் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் செய்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்பு அதுவே.

வேதமுத்துவிடம் அன்று முதன்முதலாக வேடிக்கை இல்லை. பனிக்குழைவு உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. "நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே மச்சான்" என்றார். பிறகு, "தெரியலன்னா தெரியலன்னு போர்டுல எழுதிருக்கலாம்லா?" என்றார். அது கேலியா, கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை, அவருக்கும் விளங்கியிருக்காது.

"அத்தான், நான் பொய் சொல்லணும்னு..."

"பொறுங்க ரெண்டு பேரும்" என்றார் டீச்சர். "சார், அந்த வழிகாட்டியம்மாகிட்ட முழுசாச் சொல்லுங்க. இவரு வேலை பாத்த எடத்தத் தேடிப் பாப்போம்."

சொன்னேன். இம்முறை எதையும் விழுங்கவில்லை. லின் குடையைத் தரையில் ஊன்றிக் கேட்டார். எந்த ஆண்டுகளில், எந்தப் பக்கத்தில், கப்பலின் ஒலி எந்நேரம், விடுதியிலிருந்து வண்டி எவ்வளவு நேரம் ஓடியது என்று வினவினார். ஞானமுத்து தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைக் கையை விரித்துக் காட்டினார். அந்நாளில் கரை இருந்த இடத்தை வைத்துப் பார்த்தால் அடுத்தடுத்து நிற்கும் இரு கட்டடங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார் லின். உறுதி செய்துகொள்ளத் தோழர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். தோழர் மூன்றாவதாக ஒரு தெருவைச் சொன்னார். லின் தொலைபேசியை வைத்துவிட்டு, "முதலில் இரண்டையும் பார்ப்போம். கேன்?" என்றார்.

"கேன்" என்றது குழு. அதற்குள் அனைவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. கடைகளுக்குப் போக வேண்டிய நேரம் அது; ஒருவரும் கடையைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டும் கண்ணாடிக் கட்டடங்கள். ஒன்றன் முகம் மற்றதன் முகத்தில் தெரிந்தது. முதற் கட்டடத்தின் முன் நின்று ஞானமுத்து அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் எந்த அடையாளமும் ஏற்படவில்லை. ஓர் ஊருக்குப் புதிதாய் வந்தவன் அவ்வூர்த் தேரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கீழ போலாமா?" என்று கேட்டார்.

பொதுமக்கள் வண்டி நிறுத்தும் நிலவறை அது. வளைந்து இறங்கும் சரிவில் வரிசையாக நடந்தோம். மங்கிய விளக்குகள், வெண்மை பூசிய தூண்கள், வழவழப்பான தரை. ஞானமுத்து முன்னால் நடந்தார். சரிவு முடிந்து தளத்துக்குள் நுழையுமிடத்தில், நிமிர்ந்து நடந்தவர் சட்டெனத் தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்துக் கடந்து, மறுபடி நிமிர்ந்தார். அவர் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. கூரை எட்டாத உயரத்தில் இருந்தது.

வேதமுத்து அதைப் பார்த்துவிட்டார். "எதுக்கு வே குனிஞ்சீரு?"

"குனிஞ்சேனா?"

"குனிஞ்சீரே!"

ஞானமுத்து திரும்பி அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "அங்கன முட்டுக்கட்டை குறுக்க போகும். கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும். குனியலன்னா மண்டை போயிரும். எங்க கூட வேலை பாத்த பையனுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

கட்டடத் தொழிலில் நரைத்தவர் வேதமுத்து. கட்டும்போது இருந்து, முடிந்தபின் இல்லாமற்போகும் சாரங்களையும் முட்டுகளையும் அறிந்தவர். அவர் முகம் மலர்ந்தது. "இதான்! இதேதான் மச்சான்! கண்ணு மறந்தாலும் கழுத்து மறக்கலல்லா!" என்று கூவினார். குழு கைதட்டியது. ஒலி நிலவறை எங்கும் எதிரொலித்தது. காவலர் ஒருவர் எட்டிப்பார்த்தார். லின் அவரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார்.

இத்துடன் முடிந்திருந்தால் இது நல்ல கதை. ஆனால் லின் நேர்மையானவர். இரண்டையும் பார்ப்போம் என்று சொன்னவர். இரண்டையும் காட்டியே தீருவார். நிலவறைகள் இரண்டும் ஒரு கதவால் இணைந்திருந்தன. கதவைக் கடந்தோம். அதே தூண்கள், அதே விளக்குகள். ஞானமுத்து இரண்டடி வைத்தார். தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்துக் கடந்து, நிமிர்ந்தார்.

ஒருவரும் கைதட்டவில்லை.

"என்னவே, இங்கனயும் குனியுதீரு?" என்றார் வேதமுத்து, அழமாட்டாத குறையாக.

"எனக்கே தெரியல அத்தான். தரைக்குக் கீழ போனாலே குனிஞ்சிருதேன் போலுக்கு."

லின் என்னிடம் கேட்டார்: "இதுவா, அதுவா?" நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குழுவே ஒரு குரலில் "தெரியல" என்றது. அச்சொல்லையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. லின் தம் கையை விரித்துக் காட்டினார்.

அப்போது வேதமுத்துவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது. பிறகு வயிற்றில் வந்தது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ டீச்சர், பாத்தியா? ஆளு எல்லா எடத்துலயும் குனியுதாரு. எத்தனை எடத்துல மண்டையக் காப்பாத்தினாரோ!"

டீச்சர் சிரிக்கவில்லை. ஞானமுத்துவின் அருகில் சென்றார். "அந்தக் கூட வேலை பாத்த பையனுக்கு என்னாச்சு அண்ணே?"

"தப்பிச்சிட்டான் டீச்சர். தையல் போட்டாங்க. தென்காசிப் பக்கம்தான் இருக்கான். கல்யாணத்துக்கு வாரேன்னிருக்கான்."

டீச்சர் தலையசைத்தார். தம் கணவரிடம், "இந்தத் தூண் பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். பிறகு ஞானமுத்துவிடம், "ஊருக்குப் போனதும் அந்த முறுக்கு டவர எறக்கிருங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குச் சீக்கிரம் வந்துருங்க, பிந்துனா முன்வரிசையில எடம் கெடைக்காது" என்றார்.

ஞானமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தூணின் வெண்பூச்சில் அவர் உள்ளங்கையின் ஈரம் சிறிது நேரம் தெரிந்தது.

திரும்பும் விமானத்தில் டீச்சர் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். நான் செய்தது சரிதானா என்று அவரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது? "நீங்க பொய் சொல்லல சார். நெசத்தயும் சொல்லல. நீங்க அங்கனயே முழுசாச் சொல்லிருந்தா, அத்தனை பேர் முன்னாடி எனக்குக் கோவம் வந்துருக்கும். ஓலைய நிப்பாட்டிருப்பேனோ என்னமோ. நீங்க முழுங்குனதுனால உங்க மேலதான் கோவம் வந்துச்சு. அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். நான் அதனை இன்றுவரை எண்ணிப் பார்க்கிறேன். உங்களுக்கு ஏதேனும் புலப்பட்டால் எனக்குத் தெரிவியுங்கள்.

மூன்று ஓலைகளும் தடையின்றி வாசிக்கப்பட்டன. திருமணம் சங்கரன்கோவிலில் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு என்னையும் இளையரசனேந்தலுக்கு அழைத்திருந்தார்கள். "டவர் கடைக்கு ஒரு டிக்கெட்" என்றேன். என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது. பேருந்து நடத்துநர் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

டீச்சர் சொன்னபடி முறுக்குக் கோபுரம் இறங்கியிருந்தது. புதிய பலகையில் ஞானமுத்துவும் வேதமுத்துவும் ஒரு வெண்தூணின் இருபுறமும் விறைப்பாக நின்றார்கள். நிலவறையில் எடுத்த அதே படம். ஆனால் பிளக்ஸ் கடைக்காரருக்கு அந்த இருட்டுப் பிடிக்கவில்லை போலும். இருவருக்கும் பின்னால் நீலக் கடலை வைத்திருந்தார். அதன்மேல் ஒரு கப்பலை விட்டிருந்தார். தூணின் உச்சியில் நான்கைந்து செடிகளையும் நட்டிருந்தார்.

விருந்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் என் அருகில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழுவை அழைத்துச் சென்றவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"சார், இவுக கட்டுன பில்டிங்னு சொல்லுதாங்களே, இது சிங்கப்பூர்ல எங்கன இருக்கு?"

நான் நெடுநேரம் அண்ணாந்து அக்கடலைப் பார்த்தேன். பிறகு அவரிடம், இங்கே கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.